கோயம்புத்தூர் கார், வடகவுஞ்சி மெக்கானிக்

வடகவுஞ்சி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் வகுப்பில் யாருமே இல்லை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர் மலைச்சாலை ஏறுகிறது அல்லவா, அதில் பெருமாள்மலை வருவதற்கு முன்னாலேயே பிரிந்து போக வேண்டும். காபி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட். டூரிஸ்ட்டுகள் அதிகம் எட்டிப் பார்க்காத பக்கம். எங்கள் ஊரில் வண்டி என்றால் ஜீப். அந்த ஜீப் எந்த வருஷத்தில் பிறந்தது என்று அதன் ஓனருக்கே தெரியாது. பாதி பாகம் ஒரிஜினல், பாதி பாகம் மெக்கானிக்கின் கற்பனை.

அப்படிப்பட்ட ஊருக்கு எங்கள் பெரியப்பா ஒரு மின்சார கார் வாங்கி வந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்லை, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வாங்கிய இடம் கோயம்புத்தூர். ஷோரூமில் ஏசி, காபி, சாவி கொடுக்கும்போது மாலை, ஃபோட்டோ எல்லாம் உண்டு. "சர்வீஸ் எப்படிங்க?" என்று பெரியப்பா கேட்டதற்கு, "இதுல சர்வீஸ் பண்ண என்னங்க சார் இருக்கு? இன்ஜின் ஆயில் கிடையாது, ஃபில்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது" என்றாராம் விற்பனைப் பையன்.

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

மலைக்கு மின்சார கார் ஒத்து வருமா என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். (எலக்ட்ரிகல் படிக்கிறோம், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?) ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் உயரத்துக்கு ஏறினால், ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் வேண்டும். சாலையில் ஓடுவதற்கான செலவு தனி. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். தூக்கிய செலவில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்ப வரும். பெட்ரோல் வண்டி இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து புகை நாற்றம் வருமே, அது இதில் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மலை மேலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இறங்கும்போது வருகிற மின்சாரத்தைப் போட்டு வைக்க பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். பெரியப்பா 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டார். ஒரு வருஷம் வண்டி குதிரை மாதிரி ஓடியது. ஊரில் இரண்டு பேர் விலை விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு ஐப்பசி மழை. பெரியப்பாவும் பெரியம்மாவும் மகள் வீட்டுக்கு சென்னை போய்விட்டு பத்து நாள் கழித்து வந்தார்கள். ஷெட்டில் நின்ற கார் கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால், உள்ளே திரை கறுப்பு. சார்ஜர் சொருகினால் அதையும் கண்டுகொள்ளவில்லை. போகும்போது பேட்டரியில் 78 சதவீதம் இருந்தது. அத்தனை சார்ஜை வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி கல் மாதிரி நின்றது.

பெட்ரோல் வண்டி மாதிரியே மின்சார காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடும். அது மட்டுமில்லை, பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் மூடுவதற்கே இந்த 12 வோல்ட்தான் வேண்டும். சின்னவன் செத்தால் பெரியவனும் தூங்குவான். உலகம் முழுக்க மின்சார கார்கள் வழியில் நிற்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இந்தச் சின்ன பேட்டரிதான். எங்கள் காரில் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா பத்து நாளும் அதை உறிஞ்சியிருக்கிறது.

ஊர் மெக்கானிக் அண்ணன் வந்தார். பானெட்டைத் திறந்தார், மல்டிமீட்டரை வைத்தார், 4 வோல்ட் காட்டியது. "அண்ணே, பேட்டரி டவுன், அவ்வளவுதான். ஜீப்புல இருந்து ஜம்பர் போட்டா ரெண்டு நிமிஷம்" என்றார்.

பெரியப்பா கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், வெளி மெக்கானிக் யாரையும் தொட விடாதீங்க. தொட்டா வாரண்டி கேன்சல் ஆயிடும் சார்." காரின் விலையில் பெரும்பங்கு அந்தப் பெரிய பேட்டரி. அதற்கு எட்டு வருஷ வாரண்டி. பெரியப்பா பயந்துவிட்டார். மெக்கானிக் அண்ணன் கேபிளைச் சுருட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நினைத்தால் வயிறு எரிகிறது. இலவச உதவி என்பது இத்தனை கிலோமீட்டருக்குள் என்று எல்லை போட்டது, எங்கள் ஊர் அதற்கு வெளியே. மின்சார காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டிதான் வர வேண்டும். பழனி வரைக்கும் வந்தவர் கொண்டை ஊசி வளைவுகளைக் கேட்டுவிட்டு, மழை விடட்டும் என்று திரும்பிப் போனார். இரண்டாவது முறை மேலே வந்தவர், தோட்டத்துப் பாதைக்குள் வண்டி நுழையாது, காரை மெயின் ரோட்டுக்குத் தள்ளி வாருங்கள் என்றார். எப்படித் தள்ளுவது? பார்க்கிங் லாக் எடுக்கவும் 12 வோல்ட் வேண்டுமே! கடைசியில் சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை வைத்து எட்டுப் பேர் நகர்த்தினோம். கார் கோயம்புத்தூர் போனது. பதினைந்து நாள் கழித்து வந்தது. பில்லில் இரண்டே வரி. 12 வோல்ட் பேட்டரி, 5,200 ரூபாய். வண்டி ஏற்றிப் போய் வந்த கூலி, 17,000 ரூபாய். இந்த நாட்களுக்கு நடுவில் பெரியம்மாவை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போக ஜீப் வாடகை தனி. அதே பழைய ஜீப்.

விலை விசாரித்த இரண்டு பேரும் டீசல் வண்டி வாங்கிவிட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மின்சார கார் மலைக்கு ஆகாது என்று ஊரில் பேச்சு ஆகிவிட்டது. ஆனால் காரில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோளாறைச் சரி செய்யத் தெரிந்த ஆள் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார், கருவி அவர் கையில் இருந்தது. அவருக்கு இல்லாதது அனுமதி மட்டும்தான். அந்த அனுமதி கோயம்புத்தூரில் இருந்தது.

இதே கோயம்புத்தூரிலிருந்து தமிழ்நாட்டு கிராமங்களுக்கு இன்னொரு மின்சாரப் பொருள் வந்தது, யோசித்துப் பாருங்கள். பம்புசெட் மோட்டார். 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் மோட்டார் செய்ததிலிருந்து தொடங்கும் கதை அது. அந்த மோட்டார்கள் ஒவ்வொரு கிணற்றடிக்கும் போய்ச் சேர்ந்ததற்கு விலையும் தரமும் மட்டுமா காரணம்? மோட்டார் எரிந்தால் கழற்றி சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போக, எந்தச் சின்ன டவுனிலும் காயில் கட்டுகிற கடை இருந்தது. பழனியிலும் உண்டு, ஒட்டன்சத்திரத்திலும் உண்டு. எத்தனை சுற்று, எந்த கேஜ் செம்புக் கம்பி என்பது அந்தக் கடைக்காரரின் நோட்டில் இருக்கும். "எங்கள் மோட்டாரை நீ தொட்டால் வாரண்டி போச்சு" என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தால், விவசாயி இன்னும் கவலை ஏற்றம்தான் இறைத்துக்கொண்டிருப்பார். ஒரு பொருள் பிறந்த ஊரைத் தாண்டிப் போக வேண்டுமானால் அதற்கு முன்னால் அதைப் பற்றிய அறிவு போய்ச் சேர வேண்டும். மின்சார காரும் அடிப்படையில் ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, நடுவில் ஒரு கன்ட்ரோலர். மந்திரம் ஒன்றும் இல்லை.

"பாஸ், பம்புசெட்டும் காரும் ஒன்றா?" என்று நம்ம செட்டிலேயே சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஒன்று இல்லைதான். பெரிய பேட்டரியில் ஓடுவது 300, 400 வோல்ட் டிசி. தொட்டால் விடாது. ஈரக் கையோடு ஒருத்தர் ஸ்பேனரை உள்ளே விட்டால் அடுத்த நாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். கம்பெனிகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கம்பெனிகள்தான் உயர் அழுத்த வயர்களுக்கு ஆரஞ்சு நிறம் போட்டுத் தனியாகக் காட்டியிருக்கின்றன. ஆரஞ்சைத் தொடாதே என்பது மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு நிமிடத்தில் புரியும். 12 வோல்ட் பேட்டரி, டயர், பிரேக், சஸ்பென்ஷன், வைப்பர் இதெல்லாம் ஆரஞ்சுக்கு இந்தப் பக்கம். இவற்றில் அவர் இருபது வருஷமாகக் கை வைத்துக்கொண்டிருக்கிறார். மொத்தக் காரையும் ஆரஞ்சு ஆக்கியதுதான் அந்தப் போன் பேச்சு.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? இதைத் தேடிப் படித்தபோதுதான் ஒரு பழைய தீர்ப்பு கிடைத்தது. 2011ல் ஒரு வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி ஒர்க்ஷாப்புகளுக்குக் கொடுப்பதில்லை என்று. 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பாகங்களையும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. நமக்கு முக்கியமானது இன்னொன்று. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டுமே மொத்தமாக வாரண்டியை ரத்து செய்கிற நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. வெளி ஆள் தப்பாகச் செய்து அதனால் பழுது வந்தால் அது வேறு கதை. கம்பெனிகள் மேல்முறையீடு, ஹைகோர்ட் என்று போனார்கள், அபராதம் வழக்குகளுக்குள் இழுபட்டது. ஆனாலும் 2014லேயே, அதாவது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே, இது தப்பு என்று ஒரு ஆணையம் எழுதி வைத்துவிட்டது. பெரியப்பாவுக்கு இது தெரியாது. அந்த உதவி எண்ணில் பேசிய பெண்ணுக்கும் தெரிந்திருக்காது, பாவம், அவர் திரையில் வருவதைப் படிக்கிறவர்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. கார்களும் அதில் ஒரு பிரிவு. நல்ல விஷயம். ஆனால் பாதி இடங்களில் கிடைப்பது கம்பெனியின் சர்வீஸ் சென்டர் முகவரி. அது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், கோயம்புத்தூர்!

இலங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூரத்தில் விற்ற காரை என்ன செய்வது என்ற கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே பதில் எழுதியவர்கள் அவர்கள். 2014, 2015 வாக்கில் மின்சார கார்களுக்கு அங்கே வரி குறைவாக இருந்தது. ஜப்பானிலிருந்து நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. பெரும்பாலும் தனியார் இறக்குமதியாளர்கள் கொண்டு வந்தவை. திரையில் ஜப்பானிய எழுத்து. விற்ற நாடு கடல் தாண்டி. போதாக்குறைக்கு லீஃப் பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, வெப்ப நாட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். அமெரிக்காவில் அரிசோனா வெயிலில் 2012லேயே அந்தப் புகார் வந்துவிட்டது. ஆக, அந்தக் கார்கள் எல்லாம் சில வருஷங்களில் கோழிக்கூடாக மாறியிருக்க வேண்டும்.

மாறவில்லை. முதல் லீஃபின் 24 யூனிட் பேட்டரி என்பது 48 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 4 செல், மொத்தம் 192. எல்லாம் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. சில பெட்டிகள் மட்டும் முதலில் தளரும். தனியார் கராஜ்கள் இதைக் கற்றுக்கொண்டன. ஒரு சின்ன ப்ளூடூத் கருவியைக் காரில் சொருகி, போனில் லீஃப் ஸ்பை என்ற ஆப்பைத் திறந்தால் ஒவ்வொரு செல் ஜோடியின் வோல்ட்டும் வரிசையாகத் தெரியும். தளர்ந்த பெட்டியைக் கழற்றி, விபத்தில் போன காரின் நல்ல பெட்டியைப் போட்டார்கள். 2022ல் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில் அந்தக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதற்கு நிசான் பெரிதாக உதவவில்லை, பெரிதாகத் தடுக்கவும் இல்லை. ஆர்வலர்கள் காரின் கம்ப்யூட்டர் பேசுகிற மொழியைத் தாங்களே உடைத்துப் படித்தார்கள், காரும் அதற்கு இடம் கொடுத்தது. இப்போது வருகிற பல கார்கள் அப்படி இல்லை. பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது, கம்பெனி சர்வரிலிருந்து அதற்கு ஒப்புதல் வர வேண்டும். லீஃபுக்கு நடந்த அதிர்ஷ்டம் அடுத்த தலைமுறைக் கார்களுக்கு நடக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தூரத்தைக் காரணம் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். ரேவா ஞாபகம் இருக்கிறதா? 2001ல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த குட்டி மின்சார கார். லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2009ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அந்தக் கம்பெனி ஒரு வசதியை அறிவித்தது. வழியில் சார்ஜ் தீர்ந்தால் கம்பெனிக்கு ஒரு எஸ்எம்எஸ். அவர்கள் தூரத்தில் இருந்தே காரின் பேட்டரியைப் பார்த்து, ஒதுக்கி வைத்திருக்கும் கொஞ்சம் சார்ஜைத் திறந்து விடுவார்கள். எஸ்எம்எஸ் காலத்து யோசனை! அடுத்த வருஷமே மஹிந்திரா அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. எங்கள் பெரியப்பா காரில் சிம் இருக்கிறது. கார் எங்கே நிற்கிறது, எத்தனை சதவீதம் சார்ஜ் என்று போனில் காட்டுகிறது. 12 வோல்ட் பேட்டரி ஒரே நாளில் சாகவில்லை, பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. மூன்றாவது நாளே "உங்கள் சின்ன பேட்டரி இறங்குகிறது, கேமராவைக் கழற்றுங்கள்" என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். வாரா வாரம் புது மாடல் விளம்பரம் மட்டும் தவறாமல் வந்தது.

இன்றைக்கு மின்சார கார் செய்வதில் தமிழ்நாடு முன்வரிசை. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் செய்கிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாகிவிட்டது. நம்ம செட்டில் பாதிப் பேர் அங்கே வேலை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், நானும்தான் :-) ஐடிஐயில் மின்சார வாகன மெக்கானிக் என்றே ஒரு பிரிவு வந்துவிட்டது. அதில் படித்து வருகிற பையன் எங்கே போவான்? ஷோரூம் இருக்கிற ஊருக்குத்தான். பெருமாள்மலையிலோ பண்ணைக்காட்டிலோ ஒரு ஷெட் போட்டு உட்கார அவனுக்கு ஆசை இருந்தாலும், கோளாறு கோடு படிக்கும் மென்பொருளும் பாகமும் அவனுக்குக் கிடைக்காது என்றால் என்ன செய்வான்? மலையில் இருபது கார் இருந்தால் கம்பெனி அங்கே சர்வீஸ் சென்டர் திறக்காது, அது வியாபாரம், புரிகிறது. அப்படியானால் அந்த இருபது காருக்கு இருக்கிற மெக்கானிக்கைப் பழக்கு, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடு, தொட்டால் வாரண்டி போகாது என்று அதிலேயே கையெழுத்துப் போடு. இரண்டும் முடியாது என்றால், காரை விற்கும்போதே "உங்கள் ஊருக்கு நாங்கள் வரமாட்டோம்" என்று பில்லில் எழுதிக் கொடு. பெரியப்பா அதைப் படித்துவிட்டு முடிவு செய்திருப்பார்.

பெரியப்பாவிடம் வழக்குப் போடலாம் என்றேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கிய ஊரில்தான் புகார் செய்ய வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், எங்களுக்குத் திண்டுக்கல். "22,000 ரூபாய்க்கு திண்டுக்கல்லுக்கு நடக்கணுமாப்பா?" என்றார். ஆனால் பில்லைக் கிழித்துப் போடாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார், அதை நான் கவனித்தேன்.

காரை விற்கவில்லை. கேமராவைக் கழற்றிவிட்டார். மெக்கானிக் அண்ணன் சொன்னபடி, போன் சார்ஜர் சைஸில் இருக்கும் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினார். போன மாதம் ஊருக்குப் போனபோது அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கார் டிக்கியில் என்றார். 12 வோல்ட் செத்தால் அந்த டிக்கி திறக்காது பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். இப்போது அது பெரியம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.